திங்கட்கிழமைத் தொப்பி

ஒமாஹா,
12 ஜனவரி 1958

அன்புள்ள தங்கை டோரீனுக்கு,

இங்கு நாங்கள் சுகம். உன் சுகமும், அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதும் அறிய ஆவல். என் புருஷன் ஜீனுக்கு இருமல் ஒருவழியாக விட்டது. எனக்குப் பொய்ப்பல் வைத்த இடம் குளிரில் விண்ணென்று தெறிக்கிறது. மற்றபடி குறையில்லை.

நல்ல செய்தி ஒன்று. நம் ஊர் தானியக் கிடங்கில் ஜீனுக்கு எடை போடும் வேலை கிடைத்திருக்கிறது. மே மாதக் கடைசியில் கால்டருக்கே திரும்பி வருகிறோம். சோள ஆலையில் பழையபடி டப்பா மூடும் வரிசையில் எனக்கும் இடம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

கிளேட்டஸுக்கு நெஞ்சுவலி வந்த பிறகு ஆலைப் பெண்களின் சாஃப்ட்பால் அணியை நீதான் நடத்துகிறாய் என்று அம்மா எழுதியிருந்தாள். ரொம்ப சந்தோஷம். ஷார்ட்ஸ்டாப் இடத்தை எனக்கு வைத்திரு. இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் அந்த மண்ணில் பதினோரு வருஷம் நின்றிருக்கிறேன். இங்கே இறைச்சி ஆலை அலுவலகத்தில் நாளெல்லாம் தட்டச்சு செய்கிறேன். எழுந்து நின்றால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முப்பத்துமூன்று வயதாகிறது. இன்னும் இரண்டு மூன்று கோடைதான் கால் ஓடும். அதை வெளியூரில் வீணாக்க எனக்கு மனமில்லை.

அந்த ஆகஸ்ட் விவகாரம் நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. உயரப் போன பந்துக்கு இரண்டு பேர் ஓடி முட்டிக்கொள்வது எல்லா மைதானத்திலும் நடப்பதுதான். அதை இனிக் கிளற வேண்டாம்.

அம்மாவுக்கு என் முத்தம்.

உன் அக்கா,
வெர்லா


கால்டர்,
3 பிப்ரவரி 1958

வெர்லாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை.

என் சுகத்தையும் கேட்டிருந்தாய். வலது கண் நன்றாக இருக்கிறது. இடது கண்ணுக்கு விளக்கு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்பது மட்டும் தெரியும். காபியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறேன். மாடிப்படியில் கடைசிப் படி எங்கே என்று காலால் தடவித்தான் இறங்குகிறேன். டப்பா வரிசையில் கையை வெட்டிக்கொள்வேன் என்று சொல்லி, என்னை லேபிள் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். இருபத்தாறு வயதில் பசை தடவிக்கொண்டிருக்கிறேன்.

விவகாரம் என்று எழுதியிருக்கிறாய். நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். கவுண்டி இறுதி ஆட்டம். கடைசி இன்னிங்ஸில் எதிரணியில் இரண்டு பேர் அவுட், நாம் ஒரு ஓட்டம் முன்னால், இன்னும் ஒருத்தி அவுட்டானால் வெற்றி நமக்கு. அடுத்து வந்தவள் அடித்த பந்து நேரே வானத்துக்குப் போனது. இறங்க வேண்டிய இடம் பந்து வீசும் மாக்சினுக்கும், மூன்றாவது பேஸில் நின்ற எனக்கும் நடுவில். நம் அணியில் கிளேட்டஸ் வைத்த சட்டம் உனக்கு மறந்திருக்காது. உயரப் பந்துக்கு யாரும் தாமாக ஓடக் கூடாது. வீசுகிறவள் ஒரு பெயரைக் கூப்பிடுவாள். அந்தப் பெயர்க்காரி "எனக்கு" என்பாள். மற்றவர்கள் நின்றுவிட வேண்டும்.

மாக்சின் என் பெயரைக் கூப்பிட்டாள். நான் "எனக்கு" என்று கத்தினேன். நீ நிற்கவில்லை. உன் முழங்கை என் கண்ணில் இறங்கியது, என் மண்டை உன் பல்லில் இடித்தது, பந்து நம் இரண்டு பேருக்கும் நடுவில் புழுதியில் விழுந்தது. எதிரணி இரண்டு ஓட்டம் எடுத்தது. மாநிலப் போட்டிக்குப் போக வேண்டியவர்கள் வீட்டுக்குப் போனோம். நான் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே நீ ஒமாஹாவுக்கு மூட்டை கட்டிவிட்டாய்.

ஒரே ஒரு கேள்வி. மாக்சின் என் பெயரைக் கூப்பிட்டது உன் காதில் விழுந்ததா, இல்லையா? உன் கையெழுத்தில் எழுதி அனுப்பு. மே பதினைந்துக்குள் பெயர்ப் பட்டியலை மாநிலச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். உண்மையை எழுதினால் ஷார்ட்ஸ்டாப் உனக்கு. இல்லாவிட்டால் பெஞ்சில் தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில்கூட உனக்கு இடமில்லை.

டோரீன்


ஒமாஹா,
6 பிப்ரவரி 1958

அன்புள்ள டோரீனுக்கு,

நீ "அக்கா" என்று எழுதாவிட்டாலும் நான் அன்புள்ள என்றுதான் எழுதுவேன். எனக்கு அந்த அளவுக்கு மரியாதை தெரியும். சுகம்தான், கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

உனக்குக் கையுறை மாட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். கொல்லைப்புறத்தில் உருளைக்கிழங்கை மேலே எறிந்து எறிந்து உனக்குப் பந்து பிடிக்கப் பழக்கியவள் நான். என்னிடமே எழுதி வாங்கப் பார்க்கிறாயா? ஷெரீஃப் ஆபீஸில் திருடனிடம் வாங்குவார்களே, அந்த மாதிரியா?

கிளேட்டஸின் சட்டம் கிளேட்டஸின் வீட்டோடு சரி. நடுவில் எழும்பும் பந்து ஷார்ட்ஸ்டாப்புடையது. ஊரில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். ஷார்ட்ஸ்டாப் ஓடி வந்தால் மூன்றாவது பேஸ்காரி ஒதுங்க வேண்டும். நீ ஒதுங்கினாயா?

எனக்கு மட்டும் சேதம் இல்லையா? முன்பல் இரண்டு போயிற்று. நடுப்பகல் வெளிச்சத்தில் வாயைத் திறந்து சிரித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அதைப் பற்றி நான் யாருக்கும் கடிதம் போடவில்லை.

இன்னொன்று. சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த மைதானத்தில் மூன்றாவது பேஸில் நின்று வானத்தைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

அம்மாவை முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்.

வெர்லா


கால்டர்,
16 மார்ச் 1958

வெர்லாவுக்கு,

உன் கடிதத்துக்கு ஐந்து வாரம் கழித்துப் பதில் போடுகிறேன். அதைப் படித்தவுடனே எழுதியிருந்தால் தபால்காரர் தொட்டிருக்க மாட்டார்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். பல் இருக்கிறது, உருளைக்கிழங்கு இருக்கிறது, ஷெரீஃப்கூட வந்துவிட்டார். கேட்ட கேள்விக்குப் பதிலைக் காணோம்.

காதில் விழுந்ததா, இல்லையா?

அம்மா நலம்.

டோரீன்


கால்டர்,
30 மார்ச் 1958

என் அருமை வெர்லாவுக்கு,

நீயும் ஜீனும் சௌக்கியமா? எனக்கும் என் வலது தோளுக்கும் சௌக்கியம். பந்து வீசுகிறவள் உடம்பில் மற்றதெல்லாம் எப்படிப் போனால் என்ன.

உன் தங்கைக்கும் உனக்கும் நடுவில் தலையைக் கொடுக்கக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். ஆனால் நேற்றுதான் முதல் பயிற்சி நடந்தது. அதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மைதானம் முழுக்கச் சேறு. ரயில் கிளைப்பாதைக்காக அந்தக் காலத்தில் மைதானத்தைக் கோணலாகத் திருப்பி வைத்தார்களே, அந்தப் புண்ணியவான்களுக்கு நரகத்தில் நல்ல இடம் கிடைத்திருக்கும். ஐந்து மணிக்குச் சூரியன் மூன்றாவது பேஸ்காரியின் கண்ணுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது.

டோரீன் உயரப் பந்தாக அடித்துக்கொண்டே இருந்தாள். ஒற்றைக் கண்ணோடு எப்படி அடிக்கிறாள் என்று கேட்காதே. நாலு வீச்சில் மூன்று காற்றில் போகும், பட்டது ஒன்று மேகத்தைத் தொட்டு வரும். மூன்றாவது பேஸில் லாவான் என்று ஒரு புதுப்பெண், பத்தொன்பது வயது. நான் அவள் பெயரைக் கூப்பிட்டேன். அவள் மேலே பார்த்தாள், இரண்டு கையையும் அகல விரித்து, "காணோம், யாராவது எடுங்க" என்று அலறினாள். ஷார்ட்ஸ்டாப்பில் நின்றவள் ஓடிவந்து பிடித்துவிட்டாள்.

எங்களுக்குக் கொண்டாட்டம். "திங்கட்கிழமை தொப்பிடீ உனக்கு" என்று நான்தான் முதலில் கத்தினேன். நீ தொடங்கிவைத்ததுதானே அது. வெயிலில் பந்தைத் தொலைத்துக் கையை விரித்தவள், திங்கட்கிழமை ஆலைச் சாப்பாட்டு அறையில் உன் அப்பாவின் பன்றித்தொழுவ வைக்கோல் தொப்பியை மாட்டிக்கொண்டு சாப்பிட வேண்டும். டோரீன் மட்டையைக் கீழே போட்டாள்.

"தொப்பிய இனி எவளாவது எடுத்தீங்கன்னா, மாநிலப் போட்டிக்குப் பார்வையாளர் டிக்கெட்தான் கிடைக்கும்."

"வெளையாட்டுக்குத்தானே டோரீன்?"

"வெளையாட்டு பந்தோட முடியட்டும். லாவான், நீ செஞ்சது சரி. தெரியலன்னா கைய விரி. எல்லாருக்கும் சொல்றேன், கைய விரிங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள். சளி என்று சொன்னாள். நான் நம்பவில்லை.

சரி, நானும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் கூப்பிட்டது அவள் பெயரை. என் குரல் தானிய ரயிலையே நிறுத்தும் என்று நீதான் சொல்வாய். அவள் கேட்கிறதற்குப் பதிலைச் சொல்லித் தொலை. இப்போது ஷார்ட்ஸ்டாப்பில் நிற்கிற பெண் தரைப்பந்து வந்தால் பாவாடையில் எலி ஏறியது மாதிரி குதிக்கிறாள். நீ வராவிட்டால் மாநிலப் போட்டியை நாங்கள் ரேடியோவில்தான் கேட்போம்.

உன் தோழி,
மாக்சின்


ஒமாஹா,
3 ஏப்ரல் 1958

டோரீன்,

நலம். நலமறிய ஆவலும்கூட.

தொப்பியை நிறுத்திவிட்டாயாமே. யார் சொன்னார்கள் என்று கேட்காதே. எட்டு வருஷம் அணியைக் கட்டிக்காத்த வழக்கம் அது. அந்தப் பயத்தில்தான் பெண்கள் வெயிலைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள், கையுறையை நெற்றிக்கு மேலே தூக்கி மறைத்துக்கொண்டார்கள். தொப்பி போட்டதால் யாரும் செத்துப்போகவில்லை.

நீ எதற்காக நிறுத்தினாய்? நீயும் எனக்கு ஒரு பதில் எழுதலாமே, உன் கையெழுத்தில்.

வெர்லா


கால்டர்,
13 ஏப்ரல் 1958

வெர்லாவுக்கு,

போன வாரம் ஈஸ்டர் விருந்தில் அம்மா உனக்கும் ஒரு தட்டு வைத்தாள். பன்றித்தொடைக் கறி, உருளைக்கிழங்குப் பால்கூட்டு, நீ விரும்பும் ரூபார்ப் தண்டு அடைத்துச் சுட்ட பை எல்லாம் இருந்தன. ஜெபம் முடிந்தவுடன், "ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் குழிக்குள்ள வச்சப்புறம்தான் பேசிக்குவீங்களா?" என்று கேட்டாள். நான் உன் தட்டை எடுத்து அலமாரியில் வைத்தேன். அம்மா மறுபடி எடுத்து மேசையில் வைத்தாள். சாப்பாடு அப்படித்தான் நடந்தது.

தொப்பியைப் பற்றி நீ பேசாதே. வேறு யார் வேண்டுமானாலும் பேசட்டும்.

என் கேள்வி அப்படியே இருக்கிறது. ஒன்றரை வருஷமாக ஊரில் எல்லோரும் என்னிடம், "உங்க அக்கா வேணும்னேதான் செஞ்சாளா?" என்கிறார்கள். நான், "அவளத்தான் கேக்கணும்" என்கிறேன். கேட்டுவிட்டேன். இன்னும் முப்பத்திரண்டு நாள் இருக்கிறது.

டோரீன்


ஒமாஹா,
4 மே 1958

டோரீன்,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஜீன், "கடுதாசி போடுறியா, அடுப்புக்குக் காகிதம் சேக்குறியா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டான். இது ஐந்தாவது. இதைக் கிழிக்க மாட்டேன்.

காதில் விழுந்தது. மாக்சின் உன் பெயரைக் கூப்பிட்டது விழுந்தது, நீ "எனக்கு" என்று கத்தியதும் விழுந்தது. இரண்டும் தெளிவாகவே விழுந்தன. நான் நிற்கவில்லை.

கேட்டதை எழுதிவிட்டேன். இனி நீ கேட்காததையும் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் செய். நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கையுறை தலைக்கு நேர் மேலே இருந்தது. பந்து அதற்கு இரண்டடி இடப்புறம் இறங்கிக்கொண்டிருந்தது. உன் முகம் பந்தின் பக்கமே இல்லை. வெயிலில் நீ அதைத் தொலைத்துவிட்டாய். எனக்கு அது தெரிந்தது, மைதானத்தில் வேறு யாருக்கும் தெரியவில்லை. அந்த உயரத்திலிருந்து வரும் பந்து உன் முகத்தில் விழும் என்று ஓடினேன். பொய் சொல்ல மாட்டேன், ஆட்டத்தை நாமே முடிக்க வேண்டும், நானே பிடிக்க வேண்டும் என்றும் ஓடினேன். எது முதலில் ஓடியது என்று ஒன்றரை வருஷமாக யோசிக்கிறேன். இன்னும் தெரியவில்லை.

இதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், பந்தையே பார்க்காமல் "எனக்கு" என்று கத்தியவள் என்று உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். என்னை முரடி என்று திட்டட்டும், பரவாயில்லை என்றுதான் ஊரைவிட்டே கிளம்பினேன். அந்தத் திட்டை ஒமாஹாவிலிருந்து தாங்குவது சுலபம். எதிரே நின்று உன் கண்ணைப் பார்த்துத் தாங்க எனக்குத் தைரியமில்லை.

ஆனால் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. நீ ஏன் கையை விரிக்கவில்லை? ஒரு நொடி விரித்திருந்தால் உன் கண் இன்று உன்னிடம் இருக்கும். பட்டிக்காட்டுப் பிடிவாதத்துக்கு ஒரு கண்ணைக் கொடுத்தாயே. அதைச் சொல்.

வெர்லா


கால்டர்,
11 மே 1958

அக்காவுக்கு,

இன்று அன்னையர் தினம். அம்மாவுக்கு நம் இரண்டு பேர் பெயரிலும் பூ வாங்கிக் கொடுத்தேன். அவள் நலம். நானும் நலம்தான்.

பந்து மேலே போனபோது பார்த்தேன். திரும்பி வரும்போது வானம் முழுக்க வெள்ளை. "எனக்கு" என்று கத்திய நேரத்தில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கையை விரிக்கத் தூக்கினேன். பாதி வரை வந்தது. அப்போது எனக்கு ஞாபகம் வந்தது சாப்பாட்டு அறை.

நான் அணியில் சேர்ந்த முதல் கோடை. இரண்டாவது ஆட்டத்திலேயே பந்தைத் தொலைத்துக் கையை விரித்தேன். திங்கட்கிழமை நீ தொப்பியோடு வந்தாய். உன் காதுப்பக்கமாக, "அக்கா, வீட்ல போட்டுக்கறேன், இங்க வேணாம்" என்றேன். நீ அறுபது பேருக்கும் கேட்கிற மாதிரி, "என் தங்கச்சிங்கறதுக்காகத் தனிச் சட்டமெல்லாம் கெடையாது, போட்டுக்கடி" என்றாய். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். மற்றவர்களுக்கு ஒரு நாள்தான் தொப்பி. எனக்கு மட்டும் வெள்ளிக்கிழமை வரை. உன் தங்கை என்பதால், பாரபட்சம் பார்க்காதவள் என்ற பெருமை உனக்கு ஐந்து நாள் வேண்டியிருந்தது. அந்தப் புதன்கிழமை கழிவறையில் உட்கார்ந்துதான் ரொட்டியைத் தின்றேன். இனி செத்தாலும் கையை விரிப்பதில்லை என்று அங்கேதான் முடிவு செய்தேன்.

தொப்பியால் யாரும் சாகவில்லை என்று எழுதியிருந்தாய். சாகவில்லை, சரிதான்.

நீ பொய் எழுத வேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். "விழவில்லை" என்று எழுதியிருந்தால் முழுத் தப்பும் உன்னுடையது ஆகியிருக்கும். நானும் நிம்மதியாக உன்னை வெறுத்துக்கொண்டு பசை தடவியிருப்பேன். நீ உண்மையை எழுதித் தொலைத்துவிட்டாய். இப்போது அதில் என் பங்கையும் நான் சுமக்க வேண்டியிருக்கிறது.

பெயர்ப் பட்டியலை நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன். ஷார்ட்ஸ்டாப், உன் பெயர். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு வராதே. மன்னிக்கவில்லை, எப்போது மன்னிப்பேன் என்றும் தெரியாது. தரைப்பந்து பிடிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

தொப்பியை நான் எரித்துவிட்டேன் என்று பெண்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எரிக்கவில்லை, லேபிள் அறை அலமாரியில் இருக்கிறது. கடைசியாக ஒரு தடவை வெளியே வரும். நீ வேலைக்குச் சேரும் திங்கட்கிழமை, சாப்பாட்டு அறையில் உன் நாற்காலியில் வைத்திருப்பேன். எல்லோர் முன்னாலும் எடுத்துப் போட்டுக்கொள். வெள்ளிக்கிழமை வரை. எதற்கு என்று கேட்பார்கள். நீயே சொல்.

டோரீன்


ஒமாஹா,
14 மே 1958

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் வந்து ஒரு மணி நேரம் ஆகிறது. சுகம் விசாரிக்க இன்று எனக்கு வாய் வரவில்லை.

உனக்கு ஐந்து நாள் தொப்பி மாட்டிவிட்டேன் என்பது எனக்கு ஞாபகமே இல்லை. ஒரு நாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிப் பார்த்தால் நீ தொப்பியோடு சிரிப்பது போலத்தான் தெரிகிறது. அன்று நீ சிரித்தாயா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

தொப்பியை வை. போட்டுக்கொள்கிறேன். என் தலைக்குச் சின்னதாக இருந்தால் பின்னால் கிழித்துக்கொள்கிறேன். யார் கேட்டாலும், என் தங்கை கையை விரிக்காததற்குக் காரணம் நான் என்று சொல்வேன். வாயைத் திறந்து, பல் தெரியச் சொல்வேன். மேசையைத் தட்டுகிறவர்கள் தட்டட்டும்.

மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நானும் உன்மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன், அந்தப் பாதியில் நின்ற கைக்காக.

இருபத்தாறாம் தேதி வருகிறேன். அந்தப் பாழாய்ப்போன வெயில் என் கண்ணிலும் ஒருநாள் விழும். அன்று இரண்டு கையையும் முழுசாக விரிப்பேன். பெஞ்சிலிருந்து பார்த்துக்கொள், இருக்கிற கண்ணால்.

அக்கா